சுவரொட்டியின் மதிப்பு

திரைப்படத்தை விளம்பரப்படுத்தச் சுவரொட்டிகள் அச்சிடப்படுகின்றன. அவை சுவரில் ஒட்டப்படும், மழையில் நனையும், சில நாள்களில் அவற்றின்மேல் வேறொரு படத்தின் சுவரொட்டி ஏறும். நெடுங்காலம் பாதுகாப்பதற்காக அவை அச்சிடப்படவில்லை. ஆகவே, எஞ்சிய பழைய சுவரொட்டிகள் அரும்பொருள்களாயின.

இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931ஆம் ஆண்டு பம்பாயில் திரையிடப்பட்டது. இன்று அப்படத்தின் பிரதி ஒன்றேனும் கிடைக்கவில்லை. ஒளிப்படங்களும் விளம்பரத் தாள்களுமே அதற்குச் சான்றாக உள்ளன.

இத்தகைய தாள்கள் இன்று ஏலத்தில் விற்கப்படுகின்றன. ஏலம் விடுவோர் தொடக்க விலையைக் கூறுவர். விரும்புவோர் அதனை உயர்த்திக் கேட்பர். மிகுந்த விலை கேட்டவருக்கே பொருள் உரியதாகும். சுவரொட்டி, படம் வெளிவந்த காலத்தில் அச்சானதா, பிற்கால மறுபதிப்பா என்பதை வாங்குவோர் முதலில் ஆராய்வர். மூலப் பதிப்புக்கு விலை மிகுதி. கிழிசலும் கறையும் விலையைக் குறைக்கும்.

ஏலத்தில் வாங்கிய சுவரொட்டி ஒருவர் இல்லத்தை அழகுசெய்யும். புனேயில் 1964ஆம் ஆண்டு தோன்றிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் உள்ளவையோ ஆய்வாளர் அனைவருக்கும் பயன்படும்.

அருஞ்சொற்பொருள்: எஞ்சிய – மீதமிருந்த, சான்று – ஆதாரம், இல்லம் – வீடு.

எழுதுக: உன் வீட்டில் நெடுநாளாகக் காக்கப்படும் பழைய தாள் ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.