கச்சான் காற்று வருமுன்

வசந்தகாலத்து வீட்டுத்தோட்டம் என்றதும் பாடப்புத்தகங்கள் நமக்குக் காட்டும் காட்சி ஒன்றுண்டு. பனி உருகுகின்றது, உறங்கிக் கிடந்த மண் விழிக்கின்றது, தோட்டக்காரன் மண்வெட்டியுடன் வெளியே வந்து ஆண்டின் முதல் விதையை ஊன்றுகின்றான். குளிர்நாடுகளுக்கு இது முற்றிலும் பொருந்தும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி, அன்புவழிபுரத்தில் வாழும் எமக்கோ மாசியும் பங்குனியும் மழை விடைபெற்றுச் செல்லும் மாதங்கள். கிணறு நிறைந்திருக்கும்; கீரைப்பாத்தி பச்சைப்பசேலென்று இருக்கும்; காலையில் புல்நுனியில் பனித்துளியும் நிற்கும். இவற்றைக் கண்டு மயங்கிக் கைகட்டி இருப்பவர், ஆனி மாதத்தில் வாடிய கத்தரிச் செடிகளின் முன் நின்று வருந்த வேண்டியதுதான்.

காரணம் யாவரும் அறிந்ததே. திருகோணமலையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. இதிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் சனவரி வரையிலான நான்கு மாதங்களில் வாடைக்காற்றுடன் வந்து கொட்டிவிடுகின்றது. மே மாதத்தின்பின் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் இரத்தினபுரியையும் நனைத்து, மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் நீரையெல்லாம் இறக்கிவிட்டு, வெறுங்கையுடன் எம்மிடம் வருகின்றது. அதுவே கச்சான் காற்று. கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைக்கும் சிறுவர்களுக்கு ஒரு சொல்: இது வறுபட்ட கச்சானன்று, செடிகளை வறுக்கும் கச்சான்.

இந்தப் பாடத்தை நாம் புத்தகத்திற் கற்கவில்லை. 2022 ஆம் ஆண்டு நாட்டில் உணவும் எரிபொருளும் அருகியபோது, அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்குவதென யூன் மாதத்தில் தீர்மானிக்கப்பட்டது. நோக்கம் நன்று. அந்த உற்சாகத்தில் நாமும் வளவைக் கொத்தி நாற்பது கத்தரிக்கன்றுகளை நட்டோம். மேற்கே அது மழைக்காலம். எமக்கோ ஆண்டிலேயே மிக வரண்ட மாதம். பகலெல்லாம் கச்சான் வீசியது, கிணறு அடிகாட்டியது, மோட்டாருக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. வாளியால் அள்ளி ஊற்றியும் ஆறு கன்றுகளே மிஞ்சின. பிழை எமதே. அந்தக் கன்றுகளுக்கு வேண்டிய வேலையை நாம் மாசியிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

அவ்வேலை யாது? மண்ணை மூடுதல்; அவ்வளவுதான். ஆயினும் நம்மவர் செய்வது இதற்கு நேர்மாறாகவே இருக்கின்றது. விடியற்காலையில் முற்றத்தைக் கூட்டி, மாவிலை, பலாவிலை, வேப்பஞ்சருகு யாவற்றையும் குவித்து நெருப்பு வைத்துவிடுகின்றோம். வீடு துப்புரவாக இருக்க வேண்டுமென்பது நல்ல பழக்கமே. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் எரிந்த சருகில் எஞ்சுவது சிறிது சாம்பற்சத்து மாத்திரமே. பயிருக்கு வேண்டிய நைதரசன் புகையோடு போய்விடுகின்றது. மண்ணின் ஈரத்தைக் காத்திருக்கக்கூடிய போர்வையும் போய்விடுகின்றது. முற்றத்தைக் கூட்டுங்கள், கூட்டிய சருகைச் செடியின் அடியில் நான்கு விரற்கிடை உயரத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் விடுங்கள், இல்லையேல் தண்டு அழுகும். பெரும்போக அறுவடை முடிந்து தம்பலகாமம் பக்கத்து வயல்களில் வைக்கோல் கிடைக்கும் காலமும் இதுவே. ஒரு கட்டு வைக்கோல் மிளகாய்ப் பாத்திக்குப் போதும். மூடுமுன் களையைப் பிடுங்கிவிடுதல் அவசியம். மழை ஈரம் இருக்கும்போது வேரோடு வரும் களை, பங்குனி பிறந்து மண் இறுகிவிட்டால் இடையில் அறுந்து மீண்டும் தளிர்க்கும்.

தென்னைக்கு இன்னும் பெரிய போர்வை வேண்டும். தேங்காய் உரித்த மட்டையை அடுப்புக்கு என்றே ஒதுக்கி வைப்பது வழக்கம். அதிற் பாதியையேனும் மரத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம். மட்டையிலுள்ள தும்பும் தும்புச்சோறும் தம் எடையைப் போலப் பலமடங்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கவல்லன. மரத்தைச் சுற்றி ஐந்தரை அடி தூரம்வரை மட்டைகளைப் பரப்புக. உட்குழிந்த பக்கம் நிலத்தை நோக்கி இருக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் அடுத்த மழைக்கு ஒவ்வொரு மட்டையும் ஒரு நுளம்புத் தொட்டியாகும். மரத்தில் ஏறுபவரிடம் பச்சை ஓலையை வெட்டவேண்டாமென்று சொல்லி வையுங்கள். வெட்டுக்காயத்தின் மணத்தை நாடிச் சிவப்பு வண்டு வரும்; அது உள்ளே முட்டையிட்டபின் மரத்தைக் காப்பது அரிது. கறுப்பு வண்டின் புழுக்கள் எருக்குழியிலும் உக்கிய குற்றியிலும் வளர்வன. ஆகவே எருவைக் கிளறி, வெண்ணிறமான கொழுத்த புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்கு இட்டால் இரண்டு காரியம் ஒன்றாக முடியும்.

நுளம்பைப் பற்றிச் சொன்னோம். 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவிலும் அயலிலும் டெங்குக் காய்ச்சல் எத்துணைத் துயரை விளைத்ததென்பதை இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு நாடு முழுவதிலும் 1,80,000 பேருக்கு மேல் நோயுற்றனர். மழை ஓய்ந்தபின் சிரட்டை, பழைய ரயர், தயிர்ச்சட்டி, பூச்சாடித் தட்டு ஆகியவற்றைக் கவிழ்த்து வைப்பதும் தோட்ட வேலையே. வாரம் ஒருமுறை ஒருவர் வளவைச் சுற்றி வந்தாற் போதும். வீட்டிற் சிறுவர் இருப்பின் இவ்வேலையை அவர்களிடம் விடலாம். அவர்களின் கண்ணுக்குத் தப்பும் சிரட்டை இல்லை.

மாசி விதை எடுக்கும் மாதமுமாகும். மாரிப் பயிரின் பயிற்றங்கொடியில் நல்ல காய்கள் நாலைந்தைப் பறிக்காமல் விட்டிருந்தால் இப்போது அவை கொடியிலேயே உலர்ந்திருக்கும். வெண்டியும் அப்படியே. மரத்திலேயே பழுத்து மஞ்சளான கத்தரிக்காயைப் பிசைந்து கழுவினால் விதை அடியில் தங்கும். எல்லாவற்றையும் நிழலிற் காயவைத்து, சிறிது அடுப்புச் சாம்பல் கலந்து, போத்தலிற் போட்டு இறுக மூடிப் பெயரும் மாதமும் எழுதி வைக்க வேண்டும். புரட்டாசியில் நாற்றுமேடை போடும்போது கடை கடையாய் அலையவேண்டியதில்லை. காய்த்து ஓய்ந்த கத்தரியைப் பிடுங்காதீர்கள். ஓரடி உயரத்தில் வெட்டி, அடியில் எரு இட்டு நீர் விட்டால் அது மீண்டும் தழைத்துக் காய்க்கும். புதுக்கன்றிலும் அதன் வேர் ஆழமானது. இப்போது விதைக்கத் தகுந்தவை விரைவிற் கைக்கு வருவனவே: முளைக்கீரை, வெண்டி, பயிற்றை. வல்லாரையும் பொன்னாங்காணியும் கிணற்றடியில் இருந்தால் ஆண்டு முழுவதும் உதவும். வாழை அடியில் இரண்டு குட்டிகளை விட்டு மற்றவற்றைக் கழித்துவிடுக. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் அதற்குப் போதும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கின்றோம். நீண்ட கயிறொன்றில் அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, நுனியிற் கல்லைக் கட்டுங்கள். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் கிணற்றில் இறக்கி, எத்தனை முடிச்சு நனைகின்றதென்று கொப்பியில் எழுதுங்கள். மாசியில் எத்தனை, சித்திரையில் எத்தனை, ஆடியில் எத்தனை என்று கோடு வரைந்து பார்த்தால், எத்தனை பாத்திகளுக்கு அந்தக் கிணறு தாங்கும் என்பது தெரியவரும். எம் வீட்டில் இக்கணக்கை வைத்திருப்பவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள். சென்ற ஆண்டு அவளது கணக்கைப் பார்த்தே ஏழு பாத்திகளை நான்காகக் குறைத்தோம். நான்கும் ஆவணி வரை நின்றன. கடலுக்கு அண்மையில் உள்ளவர்கள் மோட்டாரை நெடுநேரம் ஓடவிடாமல் இருப்பது நலம். நன்னீர் இறங்கினால் உவர்நீர் ஏறும்.

பங்குனி முடியுமுன் வேம்பு பூக்கும். காலையில் முற்றம் கூட்டுமுன் மரத்தடியிற் பழைய பாயொன்றை விரித்து விடுங்கள். உதிரும் பூவை உமி போக்கி உலர்த்தி வைத்தால் வடகத்துக்கு ஆகும். சித்திரைப் பிறப்புக்கும் கையிலிருக்கும். பாய் எடுத்தபின் விழுகின்ற சருகு கத்தரிக்கு.