அரியாலை என்ற பெயருக்கு எத்தனை எழுத்து?

அரியாலை என்ற ஊர்ப்பெயரை எழுத்தெண்ணிக் காட்டும்படி யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பிள்ளை ஒன்றைக் கேட்டால், அ, ரி, யா, லை என நான்கு எழுத்து என்ற விடை உடனே வரும். அதே பெயரை லினக்ஸ் கணினியின் முனையத்தில், அதாவது கட்டளைகளை எழுத்தாலேயே கொடுத்து விடைகளை எழுத்தாலேயே பெறும் திரையில், தட்டச்சு செய்து பாக்ஸ்பேஸ் விசையை அழுத்தும்போது கணினி அதை நான்காக எண்ணுவதில்லை; அமைப்பைப் பொறுத்து ஏழாகவோ இருபத்தொன்றாகவோ எண்ணுகிறது. யூனிகோடு முறையில் 'ரி' என்பது 'ர' என்ற குறியெண்ணும் இகரக் குறிக்குரிய இன்னொரு குறியெண்ணும் சேர்ந்தது. அவ்வாறே 'யா', 'லை' ஆகியனவும் இவ்விரண்டாகப் பிரிவதால் மொத்தம் 7 குறியெண்கள் ஆகின்றன. ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் இடம் கொள்வதால் 21 பைட் ஆகின்றது.

இந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது விசைப்பலகையும் அன்று, பயனர் இயக்கும் நிரலும் அன்று. இரண்டுக்கும் நடுவில், இயக்க முறைமையின் கருவுக்குள், விசைகளை வாங்கி ஒழுங்குபடுத்தி நிரலிடம் ஒப்படைக்கும் ஓர் இடைப்பகுதி இருக்கிறது. அது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் அமைப்புகளே முனையத்தின் உள்ளீட்டு, வெளியீட்டு நிலைகள் எனப்படுகின்றன. அவற்றைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கட்டளையின் பெயரான எஸ்டிடிஒய் என்பதில் உள்ள 'டிடிஒய்', டெலிடைப் என்ற தொலைத்தட்டச்சுப் பொறியைக் குறிக்கிறது. 1963இல் வெளிவந்த டெலிடைப் மாடல் 33 போன்ற பொறிகள் திரையற்றவை. காகிதச் சுருளில் அச்சடிப்பவை. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் முறைமையைத் தொடங்கியபோது அத்தகைய பொறிகளே கணினியோடு பேசும் வாயில்களாக இருந்தன. அச்சடித்த எழுத்தைக் காகிதத்திலிருந்து அழிக்க முடியாது என்பதால், முந்திய எழுத்தை நீக்குக என்பதற்கு ஒரு குறியையும், முழு வரியையும் தள்ளுக என்பதற்கு வேறொரு குறியையும் அடித்தார்கள். அவற்றைப் புரிந்து வரியைத் திருத்தும் வேலை முறைமையின் கருவிடம் விடப்பட்டது. 'முந்திய எழுத்து' என்றால் 'முந்திய பைட்' என்ற எடுகோள் அன்றே அதற்குள் குடியேறியது. ஆங்கிலத்துக்கு அது முற்றிலும் சரியாகவே இருந்தது.

அந்த ஏற்பாடே இன்றும் முனையத்தின் இயல்பான நிலை. இதை நியம நிலை எனலாம். நியம நிலையில் பயனர் என்டர் விசையை அழுத்தும் வரை நிரலுக்கு எதுவும் போய்ச் சேராது. அதுவரை கருவே வரியைத் தன்னிடம் வைத்திருந்து, அழிக்கச் சொன்னதை அழித்து, அடித்த எழுத்தைத் திரைக்குத் திருப்பி அனுப்புகிறது. இவ்வாறு திருப்பி அனுப்புவது எதிரொலி எனப்படும். கடவுச்சொல் கேட்கும் நிரல் எதிரொலியை மட்டும் நிறுத்திவைப்பதால்தான் அடிக்கும் எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. விசைப்பலகை பழுதாகிவிட்டதென்று புதியவர்கள் திகைப்பது இந்த இடத்தில்தான்.

தமிழுக்கு நேரும் இடர் அழித்தலில் இருக்கிறது. பாமினி எழுத்துரு ஈழத்தில் கோலோச்சிய காலத்தில் இது எழவில்லை. பாமினியில் அடித்த தமிழ் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே கிடந்ததால், முனையத்தில் அதைப் படிக்க முடியாவிட்டாலும் ஓர் அழுத்தலுக்கு ஒரு பைட் என்ற கணக்கு பிசகவில்லை. யூனிகோடு வந்த பின் தமிழ் தமிழாகவே தெரிந்தது, கணக்குப் பிசகியது. 1992இல் யூடிஎஃப்-8 முறையை ரொப் பைக்குடன் சேர்ந்து வகுத்தவர் அதே கென் தாம்சன்தான். ஆனால் ஒரே எழுத்துக்குப் பல பைட் இருக்கலாம் என்பதை முனைய இடைப்பகுதிக்கு உணர்த்தும் ஐயூடிஎஃப்8 என்ற குறி 2004ஆம் ஆண்டின் 2.6.4ஆம் பதிப்பில்தான் லினக்ஸ் கருவுக்கு வந்தது.

அந்தக் குறி அணைந்திருக்கும் முனையத்தில் அரியாலை என அடித்து ஒருமுறை பாக்ஸ்பேஸை அழுத்தினால், ஐகாரக் குறியின் மூன்று பைட்டுகளில் கடைசி ஒன்று மட்டுமே போகும். எஞ்சிய இரண்டும் எந்த எழுத்துக்கும் உரியனவல்லாத சிதைவாக வரியில் தங்கும். திரையிலோ ஒரு கட்டம் முழுதாக அழிந்துவிடும். பயனர் காண்பது ஒன்று, நிரல் பெறுவது வேறொன்று. அரியாலையில் இருக்கும் ஒருவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள வழங்கி ஒன்றில் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு நெறிமுறை வழியாக நுழையும்போது இந்த இடர் கூடுதலாக நேர்ந்தது. ஏனெனில் இந்தக் குறியின் நிலையை மறுமுனைக்கு அறிவிக்க நெறிமுறையில் நெடுங்காலம் இடமே இருக்கவில்லை. புட்டி என்ற மென்பொருளின் ஆசிரியர் சைமன் டேத்தம் பங்கேற்று எழுதிய ஆர்எஃப்சி 8160 ஆவணம் 2017இல் அந்த இடத்தை ஏற்படுத்தித் தந்தது.

குறி எரிந்திருந்தாலும் தமிழுக்கு முழு நீதி கிடைத்துவிடவில்லை. 'யாழ்' என்று அடித்து ஒருமுறை அழித்தால் போவது ழகரத்தின் தலையிலுள்ள புள்ளி மட்டுமே. வரியில் 'யாழ' எஞ்சுகிறது. ஆனால் கரு, ஒரு குறியெண் போனால் திரையில் ஒரு கட்டம் போகும் என்றே கொள்கிறது. புள்ளிக்கோ பெரும்பாலான முனையங்களில் தனிக் கட்டம் கிடையாது. ஆதலால் அழியும் கட்டம் ழகரத்தினுடையதாகிறது. கண்ணுக்கு 'யா' தெரிகையில் நிரலுக்கு 'யாழ' போகிறது. புள்ளியும் மெய்யும் சேர்ந்ததே ஓர் எழுத்து என்பது தமிழின் அடிப்படை. அதை அறியாத இடைப்பகுதியைக் குறைபாடுடையது என்றே சொல்ல வேண்டும், தமிழைச் சிக்கலான மொழி என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது.

இதற்கு மாற்று, நிரல் தானே பொறுப்பேற்பது. பேஷ் போன்ற கட்டளை ஓடுகளும் விஐ போன்ற தொகுப்பிகளும் நியம நிலையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு விசையையும் அடித்த உடனே பெற்று, எதை அழிப்பது, எதை எங்கே வரைவது என்பதைத் தாமே முடிவு செய்கின்றன. இந்த நிலையில் குறைந்தது எத்தனை பைட் வந்தால் வாசிப்பு முடியும், எத்தனை பத்திலொரு விநாடி காத்திருக்கலாம் என இரு எண்களை நிரல் குறித்துக் கொடுக்கிறது. முதல் எண்ணை 1 என வைத்தவர், ஒரே வாசிப்பில் ஒரு தமிழ்க் குறியெண்ணின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வந்து சேரக்கூடும் என்பதை மறக்கலாகாது. மீதிப் பைட்டுகள் வரும் வரை சேர்த்துவைத்துப் பின்னரே எழுத்தாக்க வேண்டும். அவ்வாறு சேர்ந்த குறியெண்களைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்க, பைதான் மொழியில் முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகம் கைகொடுக்கிறது; அதனிடம் அரியாலையைக் கொடுத்தால் நான்கு எழுத்து என்றே விடை வரும்.

வெளியீட்டுக்கும் இத்தகைய நிலைகள் உண்டு. தொலைத்தட்டச்சுப் பொறியில் புதிய வரி என்ற குறி செய்வது காகிதத்தை ஒரு படி மேலே தள்ளுவது மட்டுமே. அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவருவது வேறொரு குறி. கரு முதற்குறியைக் கண்டதும் இரண்டாவதையும் தானே சேர்த்து அனுப்புகிறது. அந்த உதவியையும் அணைத்துவிட்ட நிரலின் விடைகள், ஒவ்வொரு வரியும் முந்தியது முடிந்த இடத்தின் கீழே தொடங்க, படிக்கட்டுப் போல இறங்கிச் செல்லும்.

எனவே நிலைகளை மாற்றும் நிரல், மாற்றுமுன் பழைய அமைப்பை வாங்கிவைத்து, முடியும்போதும் இடையில் நிறுத்தப்படும்போதும் அதை மீளக் கொடுத்துவிட்டே வெளியேற வேண்டும். 1988இல் வகுக்கப்பட்ட பொசிக்ஸ் நியமத்தின் டெர்மியோஸ் பகுதி, அமைப்பைப் பெறுவதற்கு ஒன்றும் கொடுப்பதற்கு ஒன்றுமாக இரண்டு செயற்கூறுகளை இதற்கென்றே வைத்திருக்கிறது. நிரல் பாதியில் இறந்து, எதிரொலியும் இல்லாமல் என்டர் விசையும் பயன்தராமல் முனையம் ஊமையாகிவிட்டால், எழுத்து தெரியாவிட்டாலும் 'எஸ்டிடிஒய் சேன்' என்ற கட்டளையைக் கண்மூடித்தனமாக அடித்து, என்டருக்குப் பதிலாகக் கண்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்தினால், முனையம் மீண்டும் வாய்திறக்கும்.