50 வருஷம் தாங்கும் குட்டி பேட்டரி... முதலீட்டாளரிடம் போய் என்ன சொல்லணும்?

'இனி போனுக்கு சார்ஜரே வேணாம், 50 வருஷம் தாங்கும் அணு பேட்டரி வந்தாச்சு!' 2024 ஜனவரியில் இந்த ரகத்தில் ஏகப்பட்ட ரீல்ஸ் சுற்றின. பார்த்திருப்பீர்கள்.

பேட்டரி வந்தது உண்மைதான். பெய்ஜிங்கைச் சேர்ந்த பீட்டாவோல்ட் நிறுவனம் பி.வி.100 என்ற பெயரில் அறிவித்தது. நீளமும் அகலமும் 15 மில்லிமீட்டர், தடிமன் 5 மில்லிமீட்டர். உள்ளே நிக்கல்-63 என்ற கதிரியக்கப் பொருள். அதிலிருந்து வெளியே வரும் எலெக்ட்ரான்களை வைரத்தால் ஆன மெல்லிய செமிகண்டக்டர் பிடித்து மின்சாரமாக்குகிறது. 50 வருஷம் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு.

ரீல்ஸில் பலரும் கண்டுகொள்ளாமல் விட்டது ஒரு நம்பரை. 100 மைக்ரோவாட். அந்த பேட்டரி தரும் மொத்த பவரே அவ்வளவுதான்.

உங்கள் போனில் 5,000 எம்.ஏ.ஹெச் பேட்டரி இருந்தால், அதில் அடங்குவது சுமார் 19 வாட்-மணி ஆற்றல். பி.வி.100-ஐ வைத்து அதை ஜீரோவிலிருந்து ஃபுல் சார்ஜ் ஏற்ற எவ்வளவு நேரமாகும்? கிட்டத்தட்ட 22 வருஷம்! குழந்தையை எல்.கே.ஜி-யில் சேர்க்கும் அன்று சார்ஜில் போட்டால், கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது 100 சதவிகிதம் காட்டும்.

நேரடியாகவே போனை ஓட்டலாமே என்கிறீர்களா? போனுக்கு 1 வாட் தேவை என்று வைத்துக்கொண்டால் 10,000 பி.வி.100 வேண்டும். எல்லாவற்றையும் அடுக்கினால் 11 லிட்டருக்கு மேல் வரும். 20 லிட்டர் தண்ணி கேனில் பாதிக்கு மேல் பேட்டரி! பாக்கெட்டில் வைக்க முடியாது, தலையில்தான் சுமக்கணும்.

அப்போ இது வேஸ்ட்டா என்றால், இல்லை. விற்க வேண்டிய இடம் போன் இல்லை, அவ்வளவுதான். 'வருஷக்கணக்கில் தாங்கும் பேட்டரி' என்று முதலீட்டாளர் முன்னால் போய் நிற்கும் ஸ்டார்ட்அப்கள் பல. 2020-ல் கலிஃபோர்னியா நிறுவனம் ஒன்று 28,000 வருஷம் என்றே சொன்னது. ஷார்க் டேங்க் மாதிரி நிகழ்ச்சி பார்ப்பவர்களுக்குத் தெரியும், பெரிய நம்பரைக் கேட்டதும் எதிரே இருப்பவரின் புருவம் உயரும். விவரமான முதலீட்டாளருக்கு மட்டும் அந்த நம்பரைக் கேட்டதும் சந்தேகம்தான் உயரும்.

ஒரு பட்டன் செல் கணக்கு

குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. குழாயில் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது வேறு கேள்வி. அணு பேட்டரி என்பது மழை நின்ற பிறகும் ஓட்டுக்கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருப்பதைப் போல. பல வருஷம் சொட்டும். ஆனால், அவசரத்துக்கு ஒரு சொம்பு பிடிக்க முடியாது.

இப்போது கடையில் கிடைக்கும் சி.ஆர்.2032 பட்டன் செல்லை எடுத்துக்கொள்வோம். கார் சாவியிலும் ஆப்பிள் ஏர்டேகிலும் இருப்பது இதுதான். கொள்ளளவு சுமார் 225 எம்.ஏ.ஹெச். பி.வி.100 தரும் அதே 100 மைக்ரோவாட்டை இந்தச் செல்லிடம் கேட்டால் அதுவும் கொடுக்கும். சுமார் 9 மாதத்தில் காலியாகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, 50 வருஷத்துக்கு 65 செல். ஒன்று 40 ரூபாய் என்று வைத்தாலும் மொத்தமே 2,600 ரூபாய்.

முதலீட்டாளர் கையில் கால்குலேட்டர் இருந்தால், பிட்ச் இந்த இடத்திலேயே படுத்துவிடும். 2,600 ரூபாய்க்கு மேல் விலை வைத்தால் யார் வாங்குவார்கள்?

விடை, செல்லின் விலையில் இல்லை. அதை மாற்றும் செலவில் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் 10,000 சென்சார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செல் மாற்ற வேண்டும். செல் 30 ரூபாய், ஏணி போட்டு ஏறி மாற்றும் ஆளுக்கு ஒரு சென்சாருக்கு 200 ரூபாய் கூலி. பத்து வருஷத்தில் நான்கு முறை மாற்றினால் 92 லட்சம் ரூபாய் ஆகும். அதில் செல்லுக்குப் போவது 12 லட்சம்தான். மீதி 80 லட்சமும் கூலி. இப்போது 300 ரூபாய்க்கு ஒரு பத்து வருஷ பேட்டரியைக் கொண்டுபோய் வையுங்கள். 30 லட்சத்தில் வேலை முடிந்தது. 30 ரூபாய் செல்லைவிட பத்து மடங்கு விலை அதிகமான பொருள், மலிவாகிவிட்டது!

திறந்து மாற்றுவதற்கு அதிகம் செலவாகும் இடம் எது என்று தேடிப்போனால் மனித உடம்பில்தான் போய் நிற்போம்.

ஷூ பாலிஷ் டப்பாவில் தொடங்கிய கதை

1958 அக்டோபர் 8. ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்கு உலகின் முதல் முழுமையாக உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. இதயத் துடிப்பு அடிக்கடி நின்று நின்று மயங்கி விழுந்துகொண்டிருந்த மனிதர். அவர் மனைவி எல்ஸ்-மேரி, டாக்டர் செனிங்கையும் இன்ஜினீயர் எல்ம்க்விஸ்ட்டையும் விடாமல் துரத்தி, 'செய்தே ஆகணும்' என்று நின்றார். என்னைக் கேட்டால், குட்டி எலெக்ட்ரானிக்ஸ் வரலாற்றின் ஆகச்சிறந்த பிட்ச் அதுதான். ஸ்லைடு இல்லை, வரைபடம் இல்லை, கணவரின் உயிர் மட்டும்.

எல்ம்க்விஸ்ட் சர்க்யூட்டை ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து எபாக்ஸியில் வார்த்தார். உள்ளே இருந்தது நிக்கல்-காட்மியம் செல். அதை உடம்புக்கு வெளியே காயில் வைத்து வயரில்லாமல் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஆமாம், வயர்லெஸ் சார்ஜிங், 1958-லேயே! ஆனால், முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. உடனே அடுத்ததை வைத்தார்கள். லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அதற்குள் அவருக்குப் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கர்கள் மொத்தம் 26.

அடுத்து வந்த துத்தநாக-பாதரச செல்கள் சுமார் இரண்டு வருஷம் தாங்கின. அப்புறம் மறுபடியும் கத்தி, தையல், தொற்று பயம். 'ஒருமுறை வைத்தால் ஆயுசுக்கும் போதும்' என்று ஒருவர் வந்து சொன்னால் எப்படி இருக்கும்? வந்தார்கள். 1970-ல் பாரிஸில் புளூட்டோனியம்-238 பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கர் முதல்முறையாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. அந்தப் புளூட்டோனியத்தின் அரை ஆயுள் சுமார் 88 வருஷம். நோயாளியைவிட பேட்டரிக்கு ஆயுள் கெட்டி.

இருந்தும் அது தோற்றது. 1972-ல் லித்தியம்-அயோடின் செல் பேஸ்மேக்கருக்குள் வந்தது. வில்சன் கிரேட்பாட்ச் என்ற அமெரிக்க இன்ஜினீயர் அதை மெருகேற்றிப் பரவலாக்கினார். 50 வருஷமெல்லாம் இல்லை, பத்து வருஷ அளவில்தான் தாங்கும். ஆனால் வாயு வெளிவிடாது. அதனால் டைட்டானியம் கூட்டுக்குள் காற்றுப் புகாமல் மூடிவிடலாம். கதிரியக்க அனுமதிக் காகிதம் எதுவும் தேவையில்லை. முக்கியமாக, அது திடீரென்று சாகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதை டாக்டர் முன்கூட்டியே அளந்து, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம். 'எவ்வளவு நாள் ஓடும்' என்பதைவிட 'எப்படி நிற்கும்' என்ற கேள்விக்கு இருந்த பதில்தான் டாக்டர்களுக்கு நிம்மதியைக் கொடுத்தது.

இன்றைய நிலவரம் இன்னும் சுவாரஸ்யம். 2016-ல் அமெரிக்க அனுமதி பெற்ற மெட்ரானிக் மைக்ராவின் மொத்த உருவமே 0.8 கன சென்டிமீட்டர். பெரிய மாத்திரை சைஸ். நேராக இதயத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சாதாரண லித்தியம் வகை பேட்டரிதான், சுமார் 12 வருஷம் ஓடும் என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. பி.வி.100 எவ்வளவு பெரிது தெரியுமா? 1.1 கன சென்டிமீட்டர். பேட்டரி மட்டுமே முழு பேஸ்மேக்கரைவிடப் பெரிது!

'உங்க கம்பெனிக்கு வயசு மூணு...'

பிட்ச் அறையில் தவறாமல் வரும் கேள்வி இது. கம்பெனியே மூன்று வருஷம் முன்புதான் தொடங்கியது, பேட்டரி 20 வருஷம் ஓடும் என்று எப்படித் தெரியும்?

சூடாக்கித்தான். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ரசாயன மாற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது தோராய விதி. 60 டிகிரி அடுப்பில் சில மாதம் வைத்துவிட்டு, சாதாரண அறையில் பல வருஷத்துக்குச் சமம் என்று கணக்குப் போடுவார்கள். இதில் ஒரு ஓட்டை உண்டு. சூட்டில் மட்டும் நடக்கும் கோளாறுகளும், சூட்டிலும் வேகமெடுக்காத கோளாறுகளும் இருக்கின்றன. அதனால் ஒரே வெப்பநிலையில் எடுத்த ரிசல்ட்டைக் காட்டினால் கேட்பவர் நம்பக் கூடாது. மூன்று, நான்கு வெப்பநிலைகளில் எடுத்த ரிசல்ட் ஒரே கோட்டில் வந்தால்தான் பேச்சே. அணு பேட்டரியில் இந்தத் தலைவலி பாதிதான். நிக்கல்-63-க்கு அரை ஆயுள் சுமார் 100 வருஷம். 50 வருஷம் கழித்து அதன் கதிரியக்கம் 70 சதவிகிதத்தில் இருக்கும் என்று இயற்பியலே எழுதிக் கொடுத்துவிடும். கூட இருக்கும் செமிகண்டக்டர் அவ்வளவு நாள் தாங்குமா என்பதை மட்டும் நிரூபித்தாக வேண்டும்.

அடுத்தது, திடீர் தாகம். ப்ளூடூத் சிக்னல் அனுப்பும் அந்தச் சில மில்லிசெகண்டில் சிப் பல மில்லிஆம்பியர் கரன்ட் இழுக்கும். அது 100 மைக்ரோவாட்டைவிட நூறு மடங்குக்கும் மேல். சொட்டுச்சொட்டாக ஒரு கெபாசிட்டரில் சேர்த்துவைத்துத்தான் கொடுக்க முடியும். அந்தக் கெபாசிட்டரே கொஞ்சம் ஒழுகும். ஆகவே 'சராசரி எவ்வளவு, உச்சம் எவ்வளவு' என்று இரண்டு நம்பர் சொல்லாத பிட்ச், பாதி பிட்ச்தான்.

போட்டி யார் என்று கேட்டால் வேறு பேட்டரி கம்பெனிகளின் பெயரை மட்டும் சொல்பவர்களும் மாட்டிக்கொள்வார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து 2010-ல் பிறந்த அம்பிக், பேட்டரியைத் தொடவே இல்லை. மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் சிப் செய்தது. 2025 ஜூலையில் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலாகியும்விட்டது. வைலியட் இன்னும் ஒரு படி மேலே போய், காற்றில் இருக்கும் ரேடியோ அலைகளிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ப்ளூடூத் ஸ்டிக்கர் செய்தது. 2021-ல் சாஃப்ட்பேங்க் தலைமையில் அதற்குக் கிடைத்த முதலீடு 20 கோடி டாலர். பேட்டரியே இல்லாத பொருளுக்கு!

கதிரியக்க பேட்டரி என்றால் கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். கருவி காலாவதியான பிறகு, உள்ளே இன்னும் உயிரோடு இருக்கும் பேட்டரியை யார் எடுப்பது, எங்கே வைப்பது, யார் செலவு? புளூட்டோனியம் பேஸ்மேக்கர் வைத்தவர் அமெரிக்காவில் இறந்தால், அதை உடலிலிருந்து எடுத்து லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அணுகுண்டு பிறந்த அதே லாஸ் அலமோஸ்தான்.