குளத்து நீருக்குச் சூடேற்ற எது சிக்கனம்?

சிங்கப்பூர் வெயிலில் நீச்சல் குளத்துக்குச் சூடேற்றுவதா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் தேக்கா சந்தைக்கு அருகே தேநீர் அருந்தியபடி இதைக் கேட்டவர் என் பழைய மாணவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவர், இன்று அடுக்குமாடி வீடுகளின் நீச்சல் குளம் ஒன்றைப் பராமரிக்கிறார்.

"மழைக் காலத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, சார். வயதானவர்கள் இறங்குவதில்லை. கேஸ் வைப்பதா, ஹீட் பம்ப் வைப்பதா என்று என்னைக் கேட்கிறார்கள். தவறாகச் சொல்லிவிட்டால் மாதா மாதம் பில் வரும்போதெல்லாம் என் பெயர்தான் அடிபடும்" என்றார்.

காகிதமும் பென்சிலும் எடுத்தோம்.

கேஸ் எரிந்து வெப்பத்தை உண்டாக்குகிறது. ஹீட் பம்ப் அப்படியல்ல; காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. பால் வாளி சுமப்பவர் பாலை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறார் அல்லவா? அதுபோலத்தான். ஐஸ்பெட்டியின் பின்புறம் சுடுவதும், உள்ளிருந்து சுமந்து வந்த வெப்பத்தால்தான். வெப்ப நாட்டில் நல்ல ஹீட் பம்ப், 1 யூனிட் மின்சாரம் செலவழித்து ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் தரும். குளிர் நாட்டில் இது குறையும்.

இனி கணக்கு. 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 50,000 லிட்டர் நீர் பிடிக்கும். அதை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 58 யூனிட் வெப்பம் வேண்டும்.

2024-ல் சிங்கப்பூரில், வரி நீங்கலாக, மின்சாரம் யூனிட் சுமார் 30 காசு. குழாய் எரிவாயு சுமார் 23 காசு. கேஸின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு புகையோடு போவதாக வைத்தால், 72.5 யூனிட் எரிக்க வேண்டும். செலவு சுமார் 16 வெள்ளி 70 காசு. ஹீட் பம்புக்கு 14.5 யூனிட் மின்சாரம் போதும். செலவு 4 வெள்ளி 35 காசு!

கேஸுக்கும் ஒரு நியாயம் உண்டு. கருவியின் விலை குறைவு, சீக்கிரம் சூடாக்கும். எப்போதோ ஒரு நாள் மட்டும் என்றால் அதுவே போதும். தினமும் என்றால் ஹீட் பம்ப்தான்.

"இரண்டுக்கும் முன்னால், இரவில் குளத்தை மூடிவைக்க ஒரு விரிப்பு வாங்கச் சொல்லப்பா. நீர் ஆவியாகும்போதுதான் சூடு அதிகம் போகிறது" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நம் வீட்டுக்கும் இதே கணக்குத்தான். எந்தக் கருவியானாலும் வாங்கும் செலவு ஒரு நாள். ஓட்டும் செலவு ஒவ்வொரு நாளும்.