மண்ணில் கிடைத்த கனமான கட்டி

கண்டிப் பகுதியில் வீடு கட்டுவதென்றால் முதல் வேலை மலையை வெட்டுவதுதான். அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் பெக்கோ இயந்திரத்தின் உறுமல் கேளாத மாதம் அரிது. வெட்டிக் கொட்டிய மண்ணில் சில வேளை கையடக்கமான ஒரு கட்டி அகப்படுகின்றது. தூக்கினால் அளவுக்கு மிஞ்சிய கனம். கறுத்து, மண் ஒட்டி, இன்ன உருவம் என்று சொல்ல முடியாமல் இருக்கும். போதாக்குறைக்கு ‘மெட்டல் டிடெக்டர்’ என்ற உலோகங்காணும் கருவி இப்போது தனியார் கைகளிலும் புழங்குகின்றது. அதைத் தூக்கிக்கொண்டு புதையல் தேடப் போய்ப் பொலிஸாரிடம் அகப்பட்டவர்களைப் பற்றிய செய்தி நம் நாட்டுப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல.

மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் எம்மைப் போன்றவர்களிடம் இப்படியொரு கட்டியைப் பற்றிய பேச்சு வந்தால், கூடவே வரும் கேள்வி ஒன்றுதான்: “ஹஸரத், இதற்கு ஸகாத் உண்டா?” இது என்ன பொருள் என்ற கேள்வி அதற்கு முந்தியதல்லவா? ஆண்கள் கடைக்கும் தொழிலுக்கும் போன பின் அந்தக் கட்டி கிடப்பது வீட்டில். அதை உருட்டி விளையாடுவது பிள்ளைகள். ஆகவே இதை வீட்டிலுள்ள தாய்மாருக்கே எழுதுகின்றேன்.

கருவி ஒலித்தது என்பதால் உள்ளே இருப்பது பெறுமதியானது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் வட்டத் தட்டிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றது. அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் அதிலே சிறிய மின்னோட்டம் பிறக்கின்றது. அதை உணர்ந்துதான் கருவி சத்தமிடுகின்றது. சோடா டின்னின் மூடிக்கும் அது ஒலிக்கும், தங்கக் காசுக்கும் ஒலிக்கும். பெயர் சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை.

கட்டியைக் கழுவுவதற்கும் தட்டுவதற்கும் முன்னர் அதன் உருவத்தைத் தள்ளி நின்று பாருங்கள். நீண்ட உருளையாகவும் ஒரு முனை கூர்ந்தும் இருக்கின்றதா? அடிப்பக்கம் செம்பு வளையம், வால் போன்ற தகடுகள், திருகிய மூடி ஏதும் உண்டா? அப்படியானால் அதைத் தொடாமல் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு 119க்குத் தொலைபேசி எடுக்க வேண்டியதுதான். கண்டியில் யுத்தமே நடக்கவில்லையே என்று சிலர் கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்குத்தான் வந்தது. அதற்கு முன் 1803இலும் 1815இலும் ஆங்கிலேயப் படைகள் பீரங்கிகளோடு இந்த மலைகளில் ஏறின. அண்மைய யுத்தத்தின் மிச்சங்களும் பழைய இரும்போடு இரும்பாக எங்கும் போய்ச் சேரக் கூடியவை. துருப்பிடித்த குண்டு செத்த குண்டு என்பது வெறும் நம்பிக்கை. வெடிமருந்து துருப்பிடிப்பதில்லை.

இதைவிட மௌனமான ஆபத்து ஒன்றும் உண்டு. 2010 பெப்ரவரியில் டில்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறை, பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கனமான கருவியை ஏலத்தில் விற்றது. மாயாபுரியிலுள்ள பழைய இரும்புக் கடையில் அதை உடைத்துப் பிரித்தார்கள். அதற்குள் இருந்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். பலர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். 1987இல் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் நடந்தது இன்னும் கொடியது. கைவிடப்பட்ட வைத்தியசாலையொன்றிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட கருவியின் உட்பகுதியில், இருட்டில் நீலமாக ஒளிரும் தூள் இருந்தது. அழகாக இருக்கின்றதென்று வீடு வீடாகப் பங்கிட்டார்கள். நால்வர் இறந்தனர். அவர்களில் ஒருத்தி, தூள் படிந்த கையோடு சாப்பிட்ட ஆறு வயதுப் பெண் பிள்ளை. ஈயத்தால் செய்த கனத்த குடுவை, மூன்று இதழ் விசிறி போன்ற அடையாளம், இறுக அடைத்த உருக்குக் குப்பி: இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் திறக்கக் கூடாது. அந்த அறையை விட்டு விலகி உடனே அறிவிக்க வேண்டும்.

இந்த இரண்டு அச்சமும் இல்லையென்றால் பிறகு நிதானமாக ஆராயலாம். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. ஒட்டாவிட்டால் ஈயம், பித்தளை, செம்பு, வெள்ளி என்று பல இருக்கலாம். அடுத்த சோதனைக்குக் குசினிச் சாமான்களே போதும். அந்தச் சோதனையில் நமது முன்னோர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அல்-பீரூனி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், மேலே குறுகிய பாத்திரமொன்றில் வளைந்த குழாய் பொருத்தி, அதில் நீரை நிரப்பினார். உலோகத்தை உள்ளே இட்டால் எவ்வளவு நீர் வெளியேறுகின்றதோ அதை நிறுத்தார். இவ்வாறே தங்கம், பாதரசம், ஈயம், வெள்ளி முதலானவற்றையும் மாணிக்கம் போன்ற கற்களையும் ஒப்பிட்டு எழுதி வைத்தார். அவருக்குப் பின் மர்வ் நகரில் வாழ்ந்த அல்-காஸினி, 1121ஆம் ஆண்டளவில், ‘ஞானத் தராசு’ என்ற பெயரில் ஒரு கிதாபையே எழுதி, ஐந்து தட்டுக்களைக் கொண்ட தராசொன்றையும் விவரித்தார். கலப்படத் தங்கத்தை உருக்காமலே கண்டுபிடிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

நமக்கு ஐந்து தட்டு வேண்டாம். கேக் செய்யும் மின்தராசு போதும். முதலில் கட்டியை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் நீர் நிரப்பிய பாத்திரமொன்றை வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கட்டியை உறுதியான நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படாமல், முழுவதும் நீருக்குள் அமிழும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் கட்டி ஒதுக்கிய நீரின் நிறை. முதல் எண்ணை இந்த எண்ணால் வகுத்தால் விடை.

உதாரணமாகக் கட்டி 3 கிலோ 400 கிராம், தராசு காட்டியது 300 என்று கொள்வோம். விடை 11.3. அது ஈயம். அதே பருமனுள்ள இரும்பு ஏறக்குறைய 2 கிலோ 360 கிராம்தான் இருக்கும். தங்கமாக இருந்தால் 5 கிலோ 790 கிராம் இருந்திருக்க வேண்டும். செம்பு 8.9, பித்தளை எட்டரை அளவில், வெள்ளி 10.5, தங்கம் 19.3. துருவும் மண்ணும் உள்ளே வெற்றிடமும் இருந்தால் எண் குறைந்து காட்டும், ஏறிக் காட்டாது. வீட்டுத் தராசில் ஐந்து கிலோவுக்கு மேல் நிறுக்க முடியாவிட்டால் வாளியில் விளிம்பு வரை நீர் நிரப்பி, வழிந்த நீரைப் பேசினில் பிடித்து நிறுத்துக்கொள்ளலாம். அல்-பீரூனி செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

உருண்டையாகக் கிடைத்தால் எல்லோரும் பீரங்கிக் குண்டு என்பார்கள். ஆறு இறாத்தல் வார்ப்பிரும்புக் குண்டின் குறுக்களவு ஏறத்தாழ 9 சென்டிமீற்றர், நிறை 2.7 கிலோ. ஆனால் சரியாக 3 கிலோ, 4 கிலோ, 5 கிலோ என்று முழு எண்ணில் நிற்குமானால், அது ஏதோவொரு பாடசாலையின் விளையாட்டுப் போட்டியில் தொலைந்த குண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விடை 3க்கும் 4க்கும் இடையில், கண்ணாடி போல் பளபளப்பும் குமிழும் உள்ள கறுப்புக் கட்டியென்றால் அது இரும்புக் கிட்டம், அதாவது பழங்கால உலையின் கழிவு. எறிந்துவிடாதீர்கள். சமனலவெவப் பகுதியில் பருவக் காற்றின் விசையாலேயே இரும்பு உருக்கிய உலைகளை ஆய்வாளர்கள் தோண்டியெடுத்தார்கள். 1996இல் அது உலகுக்குத் தெரிய வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் உருக்கும் பேசப்படுகின்றது.

ஈயம் என்று தெரிந்தால் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைக்காதீர்கள். அடுப்பில் உருக்கவும் வேண்டாம். தவழும் பிள்ளை அதைத் தொட்ட கையை வாயில் வைக்கும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இனி நம் நாட்டின் மிகப் பெயர்பெற்ற கட்டிகளைப் பற்றிச் சொல்கின்றேன். 1961 மார்ச்சில், கிரிந்தைக்கு அப்பால், கிரேட் பாஸஸ் வெளிச்சவீட்டுப் பாறையருகே மைக் வில்சன் என்பவர் இரு அமெரிக்கச் சிறுவர்களோடு கடலில் மூழ்கினார். இவர் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர். அடியில் சிறிய பீரங்கியும் கறுத்த கனமான கட்டிகளும் கிடந்தன. அவை கற்களல்ல. சாக்குகளில் கட்டிய வெள்ளி ரூபாக்கள், சாக்கு உக்கிப் போன பின்னும் அதே உருவத்தில் ஒன்றோடொன்று இறுகியிருந்தன. ஒரு கட்டியில் ஏறக்குறைய ஆயிரம் காசு. ஒரு காசு பதினொன்றரை கிராமளவில் என்றால் கட்டியொன்று பதினொன்றரை கிலோ!

அவை யாருடையவை என்று சொன்னது காந்தமோ தராசோ அல்ல, எழுத்து. நமது குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய எந்தப் பெண்ணும் எழுத்துக்கூட்டக் கூடிய அதே அரபு எழுத்துகள்தாம், மொழி பாரசீகமானாலும். ‘ளரப்’, அதாவது அச்சிடப்பட்டது, பக்கத்தில் ‘ஸூரத்’, ஹிஜ்ரி ஆண்டு 1113, மூன்று ஒன்றும் ஒரு மூன்றும். அது 1701-1702க்குச் சரி. முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் ஆலம்கீரின் நாணயம். கலிமாவை அதில் தேடினால் கிடைக்காது. கண்ட கண்ட கைகளிலும் இடங்களிலும் அது மாசுபடக் கூடாதென்று ஔரங்கசீப் நாணயங்களில் கலிமா பொறிப்பதை நிறுத்திவிட்டார். இந்தத் தேடலைப் பற்றிக் கிளார்க் எழுதிய நூல் 1964இல் வெளிவந்தது.

ஸகாத் கேள்விக்கு இப்போது வரலாம். ரிகாஸ் எனப்படும் புதையலில் ஐந்திலொரு பங்கு கொடுக்க வேண்டும் என்பது ஹதீஸில் வந்த சட்டம். ஆனால் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ரிகாஸ் என்பது ஜாஹிலிய்யாக் காலத்தவர் புதைத்த, நிஸாபை அடைந்த தங்கமும் வெள்ளியும்தான். இரும்புக்கும் ஈயத்துக்கும் அது இல்லை. ஹனபி மத்ஹபில் விரிவு உண்டு. முஸ்லிம் அரசரின் பெயர் பொறித்த காசு கிடைத்தால் அது ரிகாஸே அல்ல. சொந்தக்காரர் தெரிந்தால் அவருக்கு. தெரியாவிட்டால் கண்டெடுத்த பொருளின் சட்டம், அதாவது ஓராண்டு அறிவித்துச் சொந்தக்காரரைத் தேட வேண்டும். காசிலுள்ள இரண்டு சொற்களை வாசிப்பதில் சட்டமே மாறிவிடுகின்றது, பார்த்தீர்களா? பிறர் காணியில் தோண்டியெடுத்ததோ முதலிலேயே எடுத்தவருக்குச் சொந்தமில்லை. அதில் ஐந்திலொன்றை ஏழைக்குக் கொடுத்தால் மீதி நான்கும் ஹலாலாகிவிடும் என்று எந்தக் கிதாபிலும் நான் ஓதவில்லை.

நாட்டுச் சட்டமும் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், மண்ணில் கண்டெடுக்கப்படும் தொல்பொருளை அரசின் உடைமையாக்கியது. உங்கள் சொந்தக் காணி என்பதால் மட்டும் அது உங்களுடையதாகாது. தொல்பொருள் என்பதற்கு அச்சட்டம் வகுத்த எல்லைத் திகதி எது தெரியுமா? 1815 மார்ச் 2. நம்முடைய கண்டியில், அரச மண்டபத்தில், ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். அனுமதியின்றிப் புதையல் தோண்டுவது குற்றம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில் கொள்ளையிட்டுப் போன லெவுகே திசாவையின் பீரங்கி, ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையிலிருந்து 2023 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. போன பொருள் வர இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

ஒரு மோசடியையும் எச்சரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ‘இரிடியம்’ கலசம், அரிசியை இழுக்கும் செம்புப் பாத்திரம் என்று சொல்லிப் பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கில் ஏமாற்றியவர்களைப் பொலிஸார் பிடித்துக்கொண்டே இருக்கின்றார்கள். கணவனுக்குத் தெரிந்தோ தெரியாமலோ வளையலையும் மாலையையும் அடகு வைத்துப் பங்கு சேர்ந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். இரிடியத்தின் எண் 22.5. செம்பு 8.9. நீரில் ஒரு தடவை தொங்கவிட்டால் பொய் வெளியாகிவிடும். தொங்கவிடச் சம்மதிக்காத வியாபாரியிடம் வேறென்ன ஆதாரம் வேண்டும்?

சோதனைக்குப் பிறகும் விளங்காத பொருளென்றால் அமிலம் ஊற்றித் துலக்காமல், அரத்தால் சுரண்டாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். கண்டி மாளிகை வளாகத்தருகே தேசிய நூதனசாலை இருக்கின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறையும் புவிச்சரிதவியல் துறையும் உண்டு. பழைய பொருள் என்று ஐயமிருந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ அறிவித்துவிட வேண்டும். அதுவரை கட்டியை உயரமான தட்டில், பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வையுங்கள். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நிறுக்கப் பாவித்த பாத்திரத்தையும் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.