கரப்பானுக்கு மருந்து அடிக்குமுன்

எங்கள் மும்பைக் குடியிருப்பு பசுமைச் சான்று பெற்றது. ஆனாலும் மாதந்தோறும் வீடு வீடாக மருந்து அடிக்க வேண்டும் என்கிறார்கள் கமிட்டியில் சிலர். தவழும் குழந்தைகள் உள்ள வீடுகள் எத்தனை! இயங்கிவரும் கட்டடங்களுக்கான லீட் சான்றின் பூச்சிக் கட்டுப்பாட்டு முறையில் மருந்து கடைசி வழிதான். அடிப்பதானால் 72 மணி நேரம் முன்பே குடியிருப்போருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 முட்டைகள் இருக்கும். மருந்து அதற்குள் எளிதில் இறங்காது. ரயில் பெட்டிகளில் நான் கண்டதும் இதுவே: இன்று ஒழிந்தது போலிருக்கும், அடுத்த மாதம் குஞ்சுகள் ஓடும்.

முதலில் தொட்டிக்கடியில் சொட்டும் குழாயைச் சரிசெய்யுங்கள். குழாய் நுழையும் சுவர் ஓட்டையைச் சிமெண்டால் அடையுங்கள். 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், சுண்டெலியும் வந்துவிடும். பிறகு ஒட்டுப்பொறி வைத்து, அதிகம் சிக்கும் மூலையில் மட்டும் ஜெல் வையுங்கள். அங்கே ஸ்ப்ரேயும் அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது.