உப்புக்காற்றில் பெட்ரோல் குழாய் ஏன் ஓட்டையாகிறது?

அந்தமானின் சாத்தம் ஒரு குட்டித் தீவு. 1883-இல் தொடங்கிய மர அறுவை ஆலைக்குப் பேர்போனது. பாலம் ஒன்று அதைப் போர்ட் பிளேயருடன் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) இணைக்கிறது. சுற்றிலும் கடல் என்பதால், காரின் அடியில் ஓடும் எஃகுக் குழாய்களுக்கு இங்கே ஆயுள் குறைவு.

ஏன்? காற்றில் வரும் உப்புத்துகள் குழாயில் படிகிறது. ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். மழையே இல்லாவிட்டாலும் குழாய் நனைந்தே இருக்கும். குளோரைடு அயனிகள் உலோகத்தின் காப்புப் படலத்தைத் துளைக்க, துரு சிறு குழிகளாக உள்ளே இறங்குகிறது. கிளாம்ப் பிடிக்கும் இடங்களில் சேறும் உப்பும் தேங்குவதால், பெரும்பாலும் அங்கேதான் முதலில் கசியும்.

எப்படிச் சரிசெய்வது? டேப்பும் பசையும் உதவாது. இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோலின் அழுத்தம் பொதுவாக 3 பார் அளவில் இருக்கும், ஒட்டு பிய்த்துக்கொள்ளும். பழுதான பகுதியை மாற்றுவதே வழி.

கசியும் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள பொறியிலும் பற்றிக்கொள்ளும். இன்ஜின் ஆறியதும், திறந்தவெளியில், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். குழாய் இணைப்பின்மேல் துணி சுற்றி, அழுத்தத்தை மெல்ல இறக்குங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வெடித்த ரப்பர் ஹோஸை, பெட்ரோலுக்கும் இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கும் ஏற்ற ஹோஸாக வாங்கி வீட்டிலேயே மாற்றலாம். எஃகுக் குழாயை மெக்கானிக்கிடம் விடுங்கள். வண்டியின் அடிப்பகுதியை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவினால் குழாய் மாற்றும் செலவைத் தள்ளிப்போடலாம்.